25 ஆண்டுகளுக்குப் பிறகு பைக் மீனுக்குத் தூண்டில்: எந்த நீருக்குப் போவது?

பைக் என்றதும் மோட்டார் சைக்கிள் பற்றிய கட்டுரை என்று வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் சொல்வது இங்கிலாந்தின் ஏரிகளில் கிடக்கும் மீனை. வாத்தின் அலகு போன்ற நீண்ட வாய், பாசிப்பச்சை உடம்பில் வெளிறிய மஞ்சள் புள்ளிகள், வாய் நிறைய உள்நோக்கிச் சாய்ந்த பற்கள். வவுனியாப் பக்கத்துக் குளங்களில் தவளையைக் கோத்து விரால் பிடித்து வளர்ந்தவன் நான். 1980களின் கடைசியில் லண்டனுக்கு வந்து முதல் பைக்கைக் கண்டபோது, அந்நிய ஊரில் ஒன்றுவிட்ட சகோதரனைக் கண்டது போல இருந்தது. இரண்டுக்கும் ஒரே தொழில்தான். பாசிக்குள் கட்டை போல அசையாமல் கிடக்கும். எட்டும் தூரத்துக்கு எது வந்தாலும் ஒரே பாய்ச்சல்.

பத்து வருடம் அதே பைத்தியமாகத் திரிந்தேன். பிறகு பிள்ளைகள், இரவு வேலை, வீட்டுக் கடன். கடைசியாக ஏரிக்குப் போனது 1998 பெப்ரவரியில். தூண்டில் தடிகளைத் துணிப்பையில் சுற்றிக் கராஜ் கூரையில் செருகினேன். ஓய்வு பெற்ற பிறகு, 2023 இலையுதிர் காலத்தில்தான் மறுபடியும் இறக்கினேன்.

என் வயதுக்காரர் சிலர் அதே இடத்தில் நிற்கிறார்கள். "திரும்பவும் தொடங்கலாம் என்று பார்க்கிறேன், எங்கே போகலாம்?" என்று கேட்கிறார்கள். ஆறுகளை விட்டுவிடுகிறேன்; நிற்கும் நீர் மட்டும். இங்கிருந்து பார்த்தால் நான்கு வழிகள் இருக்கின்றன. பக்கத்தில் உள்ள ஒரு தூண்டில் சங்கத்தின் சரளைக்கல் குழி, நோர்போக் பிரோட்ஸ் ஏரிகள், டிரவுட் மீன் வளர்க்கும் பெரிய நீர்த்தேக்கம், அயர்லாந்தின் ஏரிகள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் குளிர்காலம் முழுவதையும் குழிக்கே கொடுங்கள். ஏன் என்று சொல்ல, மற்ற மூன்றின் கவர்ச்சியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கவர்ச்சி என்றால் முதலில் நீர்த்தேக்கம்தான். இந்த நாட்டில் பைக்கை இன்னும் இறாத்தலில்தான் நிறுக்கிறார்கள். 20 இறாத்தல், அதாவது ஒன்பது கிலோ, தாண்டினால் அது வாழ்நாள் மீன். டிரவுட் விட்டு வளர்க்கும் நீர்த்தேக்கங்களில் பைக்குக்குக் கொழுத்த சாப்பாடு தட்டில் வந்து விழுகிறது. அதனால் அங்கே 30, 40 கூட நடக்கிறது. 1990இல் வேல்ஸின் லாண்டெக்வெத் நீர்த்தேக்கத்தில் 45 இறாத்தல் 6 அவுன்ஸ் மீனைப் பிடித்துப் பிரித்தானியச் சாதனை படைத்தவர் வேறு யாருமில்லை, ரக்பி ஆட்டத்தின் பெரும்புள்ளி காரெத் எட்வர்ட்ஸ். இரண்டே ஆண்டில் அதே நீரில் 46 இறாத்தல் 13 அவுன்ஸ் மீன் ஒன்று வந்தது. நான் தூண்டிலை விட்டபோது இருந்த சாதனை அதுதான். திரும்பி வந்தபோதும் அதுவேதான். என் 25 வருட இடைவெளியில் எதுவுமே மாறவில்லை போலிருக்கிறது என்று ஓர் அற்ப மகிழ்ச்சி எனக்கு. 2024 பெப்ரவரியில் சோமர்செட்டின் சூ வேலி ஏரியில் 47 இறாத்தல் 5 அவுன்ஸ் மீன் ஏறி அந்த மகிழ்ச்சியையும் கெடுத்தது.

அந்த மீனின் படத்தைப் பார்த்த யாருக்கும் அடுத்த நாளே சூ வேலிக்குப் போகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அது 1,200 ஏக்கர் நீர். எங்கள் ஊர்ச் சிறு குளங்கள் பலவற்றை அதற்குள் கொட்டலாம். இப்படிப்பட்ட இடங்களில் பைக்குக்கென்று ஒதுக்கும் நாட்கள் கொஞ்சம், டிக்கெட் கிடைப்பதே பெரும்பாடு, படகு வாடகை தனி. ஒரு வருடத்தில் இரண்டு நாள் கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்த இரண்டு நாளிலும் காற்று அடிக்கலாம். மீன் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க எதிரொலிக் கருவியும், அதைப் படிக்கத் தெரிந்த கண்ணும் வேண்டும். இன்னொன்றையும் பழையவர்கள் சொல்வார்கள், அது உண்மையும்கூட: இத்தகைய நீரைப் பைக்குக்குத் திறந்துவிட்ட முதல் சில ஆண்டுகள்தான் அறுவடை; பிறகு வருவோர் பெரும்பாலும் அந்தப் பெயருக்காக வருகிறவர்கள்.

அயர்லாந்து இதற்கு நேர் எதிர். ஷானன் ஆற்றை ஒட்டிய லொக் ரீ, லொக் டெர்க், அவற்றைச் சுற்றிய பெயர் தெரியாத சின்ன ஏரிகள் எல்லாம் ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடக்கும். அயர்லாந்துக் குடியரசில் பைக் பிடிக்க அரசாங்க உரிமம் தேவையில்லை. சில நீருக்கு உள்ளூர் அனுமதி மட்டும் வாங்க வேண்டும். உயிர் மீனை இரையாகக் கோப்பது அங்கே குற்றம். ஒரு நாளைக்கு ஒரு மீன்தான் எடுக்கலாம், அதுவும் 50 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதை எடுக்கக் கூடாது. ஒரு வாரம் விடுமுறை போட்டு, நண்பர்களோடு போய், நாள் முழுவதும் நடுத்தர மீன்களோடு இழுபறிப்பட ஆசையென்றால் இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அது பயணம். பெட்டி கட்ட வேண்டும், கப்பல் டிக்கெட் எடுக்க வேண்டும், வழிகாட்டி பிடிக்க வேண்டும். திரும்பத் தொடங்குகிறவனுக்கு வேண்டியது பழக்கம். அதை ஒரு வாரத்தில் மொத்தமாக வாங்க முடியாது.

பிரோட்ஸ் பற்றிப் பேசும்போதுதான் எனக்கு மனம் ஆடுகிறது. நோர்போக்கிலும் சபோக்கிலும் ஆறுகளோடு கோத்துக்கொண்டு கிடக்கும் ஆழமில்லாத ஏரிகள் அவை. இயற்கை ஏரிகள் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். இடைக்காலத்தில் விறகுக்குப் பதிலாக எரிக்கக் கரிமண் வெட்டிய குழிகள்தான் பின்பு நீர் நிரம்பி இப்படி ஆகின என்று 1950களில் ஜோய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியலாளர் காட்டினார். பெரும்பாலும் ஆள் ஆழம்கூட இருக்காது. நாணல், தாழ்ந்த வானம், காற்றாலை. பைக் தூண்டிலின் புராணங்கள் பாதி இந்த மண்ணில் பிறந்தவை. 1967இல் தேர்ன் ஆற்றோடு சேர்ந்த ஹோர்சி மியர் ஏரியில் 40 இறாத்தல் தாண்டிய மீன் வந்தது. இரண்டு வருடம் கழித்து, 1969இல், ஒரு நுண்பாசி பெருகி நஞ்சு கக்கி அந்தத் தேர்ன் ஆற்று நீர்களில் மீன்களையெல்லாம் அடியோடு கொன்றது. மெல்ல மீண்டது, 1985இல் 42 இறாத்தல் மீன் வந்தது. அந்தப் பாசி இன்னும் போகவில்லை. புயலடித்தால் கடலுப்பும் ஆற்றுவழியே மேலேறி மீனைக் கொல்கிறது. இப்படிச் செத்துச் செத்துப் பிழைக்கும் நீர் மீது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு தனிப் பிரியம் வருவதில் வியப்பில்லை.

ஆனால் முதல் வருடத்துக்குப் பிரோட்ஸ் வேண்டாம் என்பேன். கரையிலிருந்து பிடிக்க இடம் குறைவு, படகு வேண்டும். படகை முன்னும் பின்னுமாக இரண்டு சேற்றுக் குண்டுகளால் நிறுத்தாவிட்டால் காற்றில் சுழன்று தூண்டில் நரம்புகளெல்லாம் முறுக்கிக்கொள்ளும். கடுங்குளிரில் சின்ன மீன்கள் படகுத்துறைகளுக்குள் ஒதுங்கும், பைக்கும் பின்னாலேயே போகும்; அப்போது வெளியே விரிந்த நீரில் நீங்கள் மட்டும் உட்கார்ந்திருப்பீர்கள். இங்கே மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை மூடிய காலம் இன்னும் உண்டு. மற்ற பெரும்பாலான ஏரிகளுக்கு அந்தத் தடையை 1995இலேயே நீக்கிவிட்டார்கள். லண்டனிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பது என் இடுப்பு எழுப்பும் தனி ஆட்சேபம்.

இனிக் குழி. லண்டனைச் சுற்றிக் கோல்ன் பள்ளத்தாக்கிலும் லீ பள்ளத்தாக்கிலும் கென்டிலும், போருக்குப் பிந்தைய கட்டடங்களுக்கும் நெடுஞ்சாலைகளுக்கும் சரளைக்கல் தோண்டினார்கள். தோண்டிய இடத்தில் நிலத்தடி நீர் ஊறி ஏரியாகிவிட்டது. மேலே இருந்து பார்த்தால் ஒரு சாதாரண நீர்ப்பரப்பு. அடியில் வயல் வரப்புகள் போல் கல்வரப்புகள் ஓடும். வரப்புக்கு வரப்பு இடையில் மூன்று, நான்கு மீட்டர் பள்ளம். பைக் அந்த வரப்பின் சரிவில் கிடக்கும். ஈயக்குண்டை மட்டும் கட்டி எறிந்து, நரம்பில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தால் கல் கடகடவென்றும் சேறு வழுவழுவென்றும் கைக்குத் தெரியும். பத்து வாரம் ஒரே குழிக்குப் போனால் அதன் அடித்தளம் உங்கள் வீட்டு மாடிப்படி போல் ஆகிவிடும். மற்ற மூன்று நீரும் இதைத் தராது.

குறைகள் உண்டு, சொல்லாமல் விடமாட்டேன். 25 வருடத்தில் நல்ல குழிகள் பல கார்ப் மீன்காரர்கள் கைக்குப் போய்விட்டன. நீர்க்காகங்கள் உள்நாட்டு ஏரிகளில் பெருகி பைக்குக்கு இரையாகும் ரோச் என்ற சின்ன மீன்களைத் தின்று தீர்த்திருக்கின்றன. ரோச் இல்லாத இடத்தில் பைக்கும் மெலிந்து குச்சியாகத்தான் இருக்கும். சங்கத்தில் சேரக் காத்திருப்போர் பட்டியல் இருக்கலாம். சேரும் முன் ஒரு காரியம் செய்யுங்கள்: நவம்பர் மாதம் ஒரு மாலை, பொழுது சாயும் நேரத்தில் கரையில் நின்று பாருங்கள். சின்ன மீன் நீரைக் கொத்திச் சிதறினால் சேருங்கள். நீர்மேல் ஓர் அசைவும் இல்லையென்றால், செயலாளர் எவ்வளவு புகழ்ந்தாலும் காசை எடுக்காதீர்கள்.

சரி, இடத்தைவிடப் பெரிய கேள்விக்கு வருகிறேன். செத்த மீனைக் கோப்பதா, போலி இரையை எறிவதா?

நான் பழையவன்; செத்த மீன்தான் என் சமயம். பைக் பாய்ந்து கொல்லும் மீன் என்றாலும், குளிர்காலத்தில் அடியில் கிடக்கும் பிணத்தை மோப்பம் பிடித்துப் பொறுக்கவும் தயங்காது. மத்தி, கானாங்கெளுத்தி, ஹெரிங் போன்ற எண்ணெய் மீன்கள் அதற்குப் பிரியம். இந்த ஒரு விஷயத்தில் லண்டன் தமிழருக்கு வசதி அதிகம். தூண்டில் கடையில் பொதி கட்டி விற்கும் அதே மத்தி, தமிழ்க் கடை உறைபெட்டியில் மலிவாகக் கிடைக்கிறது. வீட்டு உறைபெட்டியில் எது கறிக்கு, எது ஏரிக்கு என்று பையில் எழுதி வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் நடந்த குழப்பத்தை இங்கே விவரிக்க எனக்கு அனுமதி இல்லை.

இந்த முறையில் ஆபத்து எங்கே என்பதை என் இரண்டாவது பயணம் காட்டியது. ஜனவரி, குழியின் வடக்குக் கரை, பனிமூட்டம். நரம்பு தளர்ந்தால் கீழே விழுந்து ஒலியெழுப்பும் குறிகாட்டி பொருத்தியிருந்தேன். குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கையில் அது விழுந்தது. நரம்பு இரண்டு அங்குலம் நகர்ந்தது, நின்றது, மறுபடியும் நகர்ந்தது. என் கை தடியைத் தொட்டது. வாய் தானாக எண்ணத் தொடங்கியது. மீன் இரையைத் திருப்பி விழுங்கட்டும் என்று பத்து வரை எண்ணும்படி ஒரு முதியவர் அந்நாளில் எனக்குக் கற்றுத் தந்திருந்தார். எண்ணி முடித்து இழுத்தேன். ஒன்பது இறாத்தல் இருக்கும், கனத்த பெண் மீன். வாயைத் திறந்து பார்த்தால் கொக்கியைக் கட்டிய கம்பி மட்டும் தெரிகிறது. மும்முள் கொக்கி இரண்டும் தொண்டைக்கு அப்பால்.

பழைய பெட்டியைத் துழாவினேன். துருப்பிடித்த வாய்விரிப்பான் கிடைத்தது. அந்நாளில் எல்லோரும் வைத்திருந்த வில்கம்பி. இரண்டு முனையும் மீனின் தாடைக்குள் குத்தி நிற்கும். அதைக் கையில் எடுத்தபோது அடுத்த துறையிலிருந்த இளைஞன் ஓடிவந்தான். "அது வேண்டாம், ஐயா" என்கிற தொனியில்தான் பேசினான், ஆனால் என் கையிலிருந்து அதை வாங்கிப் புல்லில் எறிந்துவிட்டான். மீனைத் தன் தடித்த மெத்தை விரிப்பில் மல்லாத்தி, கால்களுக்கு இடையில் அணைத்து, இடக்கை விரல்களைச் செவுள்மூடியின் ஓரமாக, சிவந்த செவுளைத் தொடாமல், தாடை எலும்பு வரை நுழைத்துத் தூக்கினான். வாய் தானாகத் திறந்தது. 30 சென்டிமீட்டர் நீளக் குறடைச் செவுள் இடுக்கு வழியாக விட்டு, கொக்கியைத் தலைகீழாகப் புரட்டினான். ஒன்று, பிறகு மற்றது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குப் பிறகு நான் முழங்கால் அளவு நீரில் நின்று மீனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்த நேரம்தான் நீண்டது. செவுள் மெல்ல அசைந்தது. வாலை ஒரு முறை உதறியது. என் சட்டைக் கையை நனைத்துவிட்டு இருட்டுக்குள் போயிற்று.

விராலைக் கரையில் போட்டுவிட்டு அடுத்த தவளையைக் கோக்கலாம். அது காற்றையே மூச்சாக இழுக்கும் மீன், ஈரச் சாக்கில் கிடந்து வீடு வரை உயிரோடு வரும். பைக்கால் அது முடியாது. தண்ணீருக்குள் இருக்கும் மட்டும்தான் அது வேங்கை. வெளியே எடுத்தால் நோஞ்சான் குழந்தை. என் கைக்கு விரால் ஞாபகம் இருந்தது, பைக் மறந்துபோயிருந்தது.

அதனால்தான், செத்த மீன் என் சமயம் என்று சொன்ன அதே வாயால், முதல் சில மாதங்களுக்குப் போலி இரையே சரி என்கிறேன். கரண்டி போன்ற உலோகத் தகடு, மரத்தில் அல்லது பிளாஸ்டிக்கில் செய்த பொய்மீன், ரப்பர் மீன் எதுவானாலும் சரி. அசையும் இரையைப் பைக் அடிக்கும்போது கொக்கி பெரும்பாலும் உதட்டு ஓரத்தில் நிற்கும், கழற்றுவது எளிது. ஒரு தடி, ஒரு தோள்பை, அள்ளுவலை போதும். நடந்துகொண்டே இருப்பதால் உடம்பு சூடாக இருக்கும், குழியின் வரப்புகளும் பிடிபடும். ஒக்டோபர், நவம்பரில் நீர் இன்னும் முழுதாகக் குளிராத நாட்களில் செத்த மீனைவிட இது அதிகம் தரும். டிசம்பருக்குப் பிறகு நீர் ஐந்தாறு பாகைக்கு இறங்கி, மீன் நகரச் சோம்பும்போது மத்திக்கு மாறுங்கள். மாறும்போது எண்ண வேண்டாம். குறிகாட்டி விழுந்ததா, நரம்பை இறுக்கி உடனே இழுங்கள். தப்பினால் தப்பட்டும்.

உயிர் மீனைக் கோப்பது மூன்றாவது வழி. இங்கிலாந்தில் இன்னும் சட்டம் தடுக்கவில்லை, ஆனால் எந்த நீரில் பிடித்தீர்களோ அந்த நீரிலேயே பயன்படுத்த வேண்டும். பல சங்கங்கள் அதையும் அனுமதிப்பதில்லை. எனக்கு இப்போது அதில் மனமில்லை. தவளை கோத்தவன் சொல்கிறான் என்று சிரிக்கலாம்.

கராஜில் கிடந்த சாமான்களில் தடியும் ரீலும் பிழைத்தன. 12 அடிக் கார்பன் தடிகள் வயதாகவில்லை. ரீலுக்கு எண்ணெய் போதும். நரம்பு, கம்பி, கொக்கி மூன்றையும் யோசிக்காமல் வீசுங்கள். புதுக் கம்பி 28 இறாத்தல் தாங்க வேண்டும், அரை மீட்டர் நீளமாவது இருக்கட்டும். கம்பி இல்லாமல் தூண்டில் போட்டால் பைக் நரம்பைக் கடித்து, கொக்கியோடு போய்ச் சாகும். பழைய முடிச்சுவலை மீனின் வழவழப்பைச் சுரண்டிவிடும். ரப்பர் பூசிய பெரிய வலை வாங்குங்கள். புதுத் தடிக்கு வைத்திருக்கும் பணத்தை அந்த வலைக்கும் மெத்தை விரிப்புக்கும் நீளக் குறடுக்கும் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் வலையை நன்றாகக் காய வையுங்கள். 2010இல் கிராபம் நீர்த்தேக்கத்தில் முதன்முதலாகக் கண்ட கொலைகார இறால் என்ற வெளிநாட்டு உயிரி, ஈர வலையில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஏரிக்குப் போய்விடும்.

இங்கிலாந்தில் தூண்டில் உரிமம் இல்லாமல் தடியை விரிக்காதீர்கள். 13 வயது நிறைந்த எவருக்கும் வேண்டும். முன்பு எப்போது வாங்கினாலும் மார்ச் 31இல் முடிந்துவிடும். இப்போது வாங்கிய நாளிலிருந்து 12 மாதம். கோடையில் பைக்குக்குப் போகாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் உயிர்வளி குறைவு, இழுபட்டுக் களைத்த மீன் தேறாது. இதற்காகவே பல சங்கங்கள் ஒக்டோபர் முதல் மார்ச் வரைதான் பைக்குக்கு அனுமதி தருகின்றன.

கறிக்கு ஆகுமா என்று கேட்காத தமிழரை நான் இன்னும் சந்திக்கவில்லை. சதை வெள்ளை, சுவையும் உண்டு, ஆனால் கவட்டை போன்ற இரட்டை முள் முழுக்கப் பின்னியிருக்கும். உரிமையாளர் எழுதிக் கொடுக்காமல் ஏரி மீனை எடுத்துப் போவது சட்டப்படி குற்றம். வாய்விரிப்பானைப் புல்லில் எறிந்த அந்த இளைஞனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடாதீர்கள்.

நான் இப்போது மூன்றாவது குளிர்காலத்துக்குத் தயாராகிறேன். முதல் வருடம் குழியில் 14 மீன், பெரியது 13 இறாத்தல். இரண்டாவது வருடம் குறைவு, ஆனால் ஒன்று 18 தொட்டது. வருகிற பெப்ரவரியில் பிரோட்ஸில் இரண்டு நாள் படகு எடுத்திருக்கிறேன், அந்த இளைஞனும் வருகிறான். சேற்றுக் குண்டுகளைக் கட்டுவது அவன் பொறுப்பு. மத்தி என் பொறுப்பு.